ஆம்பூரில் விருந்துப் பறவைகள்

1984 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆம்பூரில் டேனரி முதலாளி நயீம் அகமது வீட்டு ஹாலில், வெள்ளை விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வருமாறு: வாசலைப் பார்த்தபடி, திண்டு போட்ட மரியாதைக்குரிய இடத்தில் பேராசிரியர் ராஜகோபால். வேலூரிலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சைக்கிள் பயணக் குழுவுக்கு அவர் தலைவர். அவருக்கு வலப்புறம் வீட்டுக்காரர் நயீம் அகமது. இடப்புறம், குழுவோடு வந்த, ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் இருதயராஜ். பிரியாணித் தாம்பாளம் அந்தப் பக்கம்தான் வரும் என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்தவன். தூணோரமாக சத்தார், முதலாளிக்கு உருதும் இங்கிலீஷும்தான் படிக்க வரும் என்பதால், தமிழில் வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்லும் கணக்குப்பிள்ளை. குழுவில் நான்காவது ஆளான தேவகி, வேலூர் பாகாயத்தில் லேப் டெக்னீஷியன், ஹாலில் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மா சைராவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக, கதவோரம், குழுவின் செயலாளர் அருணகிரி.

அருணகிரி எந்தக் கூட்டத்திலும் கதவோரம்தான் உட்காருவான். யாராவது ஒரு காகிதத்தைக் கேட்பார்கள், எழுந்து போய் எடுத்துவர வேண்டியவன் தானாகத்தான் இருக்கும் என்பது அவன் அனுபவம். குடியாத்தம் லுங்கி சொசைட்டியில் அவனுக்குக் கடிதப் போக்குவரத்து வேலை. பத்திக்குப் பத்தி நம்பர் போட்டு எழுதுவான். அவன் எழுதிய கடிதத்துக்கு 'புரியவில்லை, விளக்கவும்' என்று ஒரு பதில் வந்ததில்லை.

அன்றைக்கு அவன் ஏற்கனவே எரிச்சலில் இருந்தான். கோடியக்கரை தென்கிழக்கே இருக்கிறது. வேலூரில் கிளம்பிய குழு அதற்கு நேர் எதிராக மேற்கே மிதித்து ஆம்பூருக்கு வந்திருந்தது. சைக்கிளில் கட்டிக்கொள்ள நாலு பேருக்கும் தோல் பை தைத்துக் கொடுத்தவர் நயீம் அகமது. அவர் ஊரில் கொடியசைத்துத்தான் பயணம் தொடங்க வேண்டும் என்று ராஜகோபால் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் நாளைக் காலை கொடியசைத்ததும், வந்த வழியே திரும்பி மறுபடியும் வேலூர் வழியாகத்தான் போக வேண்டும். "இது பயணமா, இல்ல மறந்துட்டு வந்த குடையை எடுக்கத் திரும்பிப் போறதா?" என்று வழியில் இருதயராஜ் கேட்டபோது அருணகிரி இன்னும் வேகமாக மிதித்தான்.

விரிஞ்சிபுரத்தில் நடத்திய முதல் கூட்டம் அதைவிட மோசம். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து நம் ஏரிகளில் தங்கும் பறவைகளைப் பிடிக்காதீர்கள் என்று ராஜகோபால் முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி சார், எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

ஹாலில் நயீம் அகமது எல்லார் தட்டிலும் தன் கையாலேயே இன்னொரு கரண்டி போட்டார். வாட்டசாட்டமான ஆள். சிரித்தால் விரிப்பு முழுக்கச் சிரிப்பு பரவும்.

"இன்னா சார், கொறிக்கிறீங்க? மட்டன்னு கோச்சுக்காதீங்க. மதியத்துக்கு இதான். சாயங்காலம்தான் உங்க ஐட்டம்."

"எங்க ஐட்டமா?" என்றார் ராஜகோபால்.

"லெட்டர்ல நீங்கதானே எழுதியிருந்தீங்க! ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். சைரா மசாலா கூட அரைச்சு வெச்சுட்டா. ஏரியில ஆள் விட்டு வலை போட்டு நேத்துதான் புடிச்சாந்தாங்க. நம்ம டேனரி தண்ணி போகாத ஏரியாப் பாத்துப் புடிச்ச மால் சார், கிளீனா இருக்கும்."

இருதயராஜ் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினான். அவன் வாய் தானாக நின்றதை அருணகிரி அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே நேரம் பின்கட்டிலிருந்து தேவகியின் குரல் வந்தது. "அருணகிரிண்ணா! சாரைக் கூட்டிக்கினு இங்க வாங்க. கைய அப்புறம் கழுவிக்கலாம், வாங்க!"

பின்கட்டு முற்றத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில், மூன்று பெரிய மூங்கில் கூடைகள். ஒன்றின் மூடியைத் தேவகி தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே கிளுவைகள், ஏரிகளுக்குக் குளிருக்கு வரும் சின்ன வாத்துகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. டேனரியில் மிஞ்சும் மெல்லிய தோல் வாரால் ஒவ்வொன்றின் காலும் கட்டப்பட்டிருந்தது. கத்தக்கூட இல்லை. கழுத்தை நீட்டி, வெளிச்சம் வந்த பக்கம் பார்த்தன.

குழுவின் துணிப் பேனரில் ராஜகோபால் வரையச் சொல்லியிருந்த பறவையும் இதேதான்.

"பாய், இது இன்னா பாய்?" என்றான் அருணகிரி.

"இன்னாவா? நீங்க கேட்டது."

"நாங்க எப்ப கேட்டோம்?"

நயீம் அகமது திரும்பி, "சத்தார், அந்த லெட்டரை எடுத்தா" என்றார். சத்தார் ஆபீஸ் அறைக்கு ஓடிப் போய் எடுத்து வந்தார். அருணகிரியின் கையெழுத்தில், அருணகிரியின் நம்பர் போட்ட பத்திகளோடு, அவனே ஒட்டி அனுப்பிய கடிதம். சத்தார் சத்தமாகப் படித்தார்.

"ஒன்று. ஐயா, விருந்துப் பறவைகளுக்காக எங்கள் குழு ஊர் ஊராக சைக்கிளில் வருகிறது. இரண்டு. தங்கள் ஊரில் ஒரு நாள் தங்க விரும்புகிறோம். மூன்று. இந்த நற்செயலுக்குத் தங்கள் ஆதரவை வேண்டுகிறோம்." படித்துவிட்டு நிமிர்ந்தார். "விருந்துன்னா தாவத். விருந்துப் பறவைன்னா தாவத்துக்கு ஆகிற பறவை. நான் முதலாளிகிட்ட அப்படித்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேனா?"

அருணகிரிக்குக் காது சூடானது. தப்பே இல்லை. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"விருந்து என்றால் சாப்பாடு இல்லையப்பா!" ராஜகோபாலுக்கு வகுப்பில் இருக்கிற நினைப்பு வந்துவிட்டது. "பழந்தமிழில் விருந்து என்றால் புதிதாக வந்தவர். வீடு தேடி வருகிறவர். அந்தப் பொருளில்தான் நான் அந்தச் சொல்லை..."

"சார்," என்றான் அருணகிரி, "நான் மொதல்ல 'வெளிநாட்டுப் பறவைகள்'னு தான எழுதினேன். நீங்கதான சிவப்பு மையில அடிச்சீங்க?"

"நம் வீட்டுக்கு வந்தவர்களை வெளிநாட்டான் என்று சொல்லலாமா என்று கேட்டேன். இப்பவும் கேட்கிறேன்."

"இப்ப கேளுங்க சார். கூடைக்குள்ள தலைய விட்டுக் கேளுங்க" என்றாள் தேவகி.

நயீம் அகமதின் முகம் வாடிவிட்டது. "மெட்ராஸ்லருந்து ஆபீசருங்க வருஷா வருஷம் இதுக்குன்னே துப்பாக்கி எடுத்துக்கினு வர்றாங்க. நீங்களும் அப்படித்தான்னு நெனச்சேன். சைக்கிள்ல வர்றவங்க துப்பாக்கி எப்படித் தூக்குவாங்க, நாமளே புடிச்சு வெப்போம்னு பாத்தேன். மரியாதைக்குச் செஞ்சேன் சார்."

அவர் செய்தது மரியாதைக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் தொல்லை. ராஜகோபால் அவருடைய தோளில் கை வைத்து, விரிஞ்சிபுரத்தில் பேசியதையெல்லாம் மறுபடி ஆரம்பித்தார். பனிக்காடுகள், இமயமலை, இரவில் நட்சத்திரம் பார்த்துப் பறப்பது, ஆயிரக்கணக்கான மைல். நயீம் அகமது மரியாதையாகக் கேட்டார்.

"அவ்ளோ தூரத்துலருந்தா வருது?"

"ஆமாம்."

"அப்ப கறி நல்லா இறுகி, ருசி ஜாஸ்தியா இருக்கும்."

இருதயராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அருணகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. கூடையில் இருக்கிற ஒவ்வொரு காலிலும் வாரைக் கட்டியது தன் பேனாதான் என்று அவனுக்குப் பட்டது. இவற்றை உயிரோடு திருப்பி விடாமல், நாளைக் காலை அந்தப் பேனரைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏற அவனால் முடியாது. ஏறினாலும் எந்த ஊரில் எந்த முகத்தோடு இறங்குவது?

"பாய், விட்டுடுங்க பாய். தயவு பண்ணி."

"எப்படிப்பா விடறது? சாயங்காலம் இருபது வீட்டு ஆளுங்க வராங்க. தட்டுல இன்னா வெக்கிறது?"

"இவனை மாதிரி ஆளுங்களுக்கு மதியம் மிஞ்சின பிரியாணி போதும் பாய்" என்று இருதயராஜைக் காட்டினாள் தேவகி. காட்டிவிட்டுக் கூடைக்குள் குனிந்தாள். "சார், இது மட்டும் இன்னாமோ மாதிரி இருக்கு. கால்ல வளையம் மாட்டியிருக்கு."

ராஜகோபால் பாய்ந்து வந்தார். தேவகி பறவையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். காலில், வாருக்கு மேலே, வெள்ளையாக ஒரு அலுமினிய வளையம். அதில் பொடி எழுத்தில் நம்பரும், பம்பாய் விலாசமும்.

"கடவுளே," என்றார் ராஜகோபால். "ஆராய்ச்சி செய்கிறவர்கள் மாட்டியது. எங்கே மாட்டினார்களோ! இது எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள..."

நயீம் அகமது அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். இங்கிலீஷ் எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். "இன்ஃபார்ம்... பம்பாய்." நிமிர்ந்தபோது முகமே வேறாக இருந்தது. "சத்தார். இது அடுத்தவன் மார்க்."

சத்தார் பார்த்துவிட்டு, "ஆமா முதலாளி" என்று ஓர் அடி பின்னால் போனார்.

வந்தவர்களில் இருதயராஜுக்கு மட்டும்தான் விஷயம் விளங்கியது. அவன் அருணகிரி காதில் சொன்னான்: "கூலிக்குப் பதப்படுத்தக் கொடுக்கிற தோல்ல ஓரத்துல மார்க் குத்தியிருப்பாங்கல்ல? பத்துப் பேர் தோலு ஒரே தொட்டியில ஊறும். மார்க் மாறி ஒரு தோலு இவர் லாட்ல போயிட்டா, மார்க்கெட்ல பேரு போச்சு. இவர் அதுல நெருப்பு."

"அடுத்தவன் மால் எனக்கு ஹராம்," என்றார் நயீம் அகமது. "சைரா! மசாலாவை எடுத்து வை. இத அறுக்கறதில்ல."

அருணகிரிக்கு உயிர் வந்தது. அரை நிமிடம்தான்.

"அப்ப விட்டுடலாம் பாய்."

"விடறதா? யார் மாலை யார் விடறது? நாளைக்கு பம்பாய்க்காரன் வந்து என் மால் எங்கடான்னு கேட்டா? அவன் ஆளு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"அப்ப மத்ததையாவது..."

"லாட்ல ஒண்ணு வேற மார்க்னா மொத்த லாட்டையும் ஓரமா வெச்சிருவோம். மத்ததுக்கெல்லாம் வளையம் விழுந்து போயிருந்தா? எனக்கு எப்படித் தெரியும்?"

"பறவைக்கு முதலாளி கிடையாது நயீம் பாய்!" ராஜகோபால் கிட்டத்தட்டக் கத்தினார். "அது யாருக்கும் சொந்தமில்லை. வானத்துக்குச் சொந்தம்."

"வானமா நம்பர் போட்டு வளையம் மாட்டுச்சு?"

பேராசிரியர் கையை மேலே தூக்கி வானத்தைக் காட்டினார். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நயீம் அகமது மறுபடி முதலிலிருந்து மறுத்தார். தேவகி கூடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, குவளையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், பேச்சின் நடுவே சொன்னாள்: "ரெண்டு செத்துப்போச்சு. நீங்க பேசுங்க."

அருணகிரி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றான்.

"பாய். டேனரியில வேற மார்க் தோலு வந்துட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க? அதச் சொல்லுங்க."

"பார்ட்டிக்கு எழுதிப் போடுவேன். ரிஜிஸ்டர்ல. ரசீது என் கைக்கு வந்துட்டா என் பேர்ல குத்தம் இல்ல. அப்புறம் அவன் சொல்ற எடத்துக்கு மாலை அனுப்புவேன்."

"இந்தப் பார்ட்டி சொல்ற எடம் ஏரி பாய். நம்பரை எழுதிக்கினு விட்டுடணும், எங்களுக்கு லெட்டர் மட்டும் போடுங்கறதுதான் அவங்க கேக்கறது. சார், அப்படித்தான?"

"அப்படித்தான். அதைத்தானே நான் இவ்வளவு நேரம்..."

"நீங்க சொன்னது வேற சார்" என்றான் அருணகிரி.

நயீம் அகமது யோசித்தார். சத்தாரைப் பார்த்தார். சத்தார் தலையசைத்தார். "சரி. எழுது. என் பேர்ல எழுது. தபால் ஆபீஸ் ரசீதக் கையில வாங்கின நிமிஷம் கயித்த அவுக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணையும் தொடக்கூடாது."

ஆபீஸ் அறை மேசையில் உட்கார்ந்து அருணகிரி பேனாவைத் திறந்தான். அவனைச் சுற்றி ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். கடிதம் இங்கிலீஷில் போக வேண்டும். நயீம் அகமதுக்கு அது வியாபாரக் கடிதமாக இருக்க வேண்டும்: 'பொருள்: தங்கள் மார்க் போட்ட உருப்படி ஒன்று தவறுதலாக எங்களிடம் வந்தது குறித்து.' ராஜகோபாலுக்கு அது விஞ்ஞானக் கடிதமாக இருக்க வேண்டும்: பறவையின் லத்தீன் பெயர் முதல் வரியில். இருதயராஜ் முற்றத்திலிருந்து வளைய நம்பரைக் கூவினான். ஆறா ஒன்பதா என்று கேட்டால், "நீ எந்தப் பக்கம் பிடிக்கிறன்றதப் பொறுத்து" என்றான். தேவகி அவனைத் தள்ளிவிட்டுத் தானே படித்துச் சொன்னாள்.

பிடிபட்ட இடம், தேதி, ஏரியின் பெயர். அதுவரை சரியாகப் போனது.

"அடுத்தது, எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள்," என்றார் ராஜகோபால். குரலைத் தாழ்த்தினார். "'கண்டெடுக்கப்பட்டது' என்று போடு. அது போதும்."

"யாரு சார் கண்டெடுத்தது? வலை போட்டுப் புடிச்சது."

"சரி, வலையில் சிக்கியது. எதற்காக வலை என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. கோடியக்கரையில் அவர்கள் ஆட்கள் நம்மை வரவேற்க வருகிறார்கள், அருணகிரி. பறவையைக் காப்பாற்றக் கிளம்பிய குழு பறவை விருந்துக்கு அழைக்கப்பட்டது என்று நாமே எழுதிக் கொடுத்தால், நாம் போய் இறங்குவதற்கு முன்னால் பம்பாய் முழுக்கச் சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும் சார். இவரு பேர்ல லெட்டர் போவுது. 'நயீம் அகமது வலை போட்டாரு'ன்னு மட்டும் போனா, இவரு திருட்டு வேட்டைக்காரரு, நாம காப்பாத்த வந்த மகான்னு ஆகும். புடிக்கச் சொன்னது என் லெட்டரு. அதையும் எழுதினாத்தான் கணக்கு நேராகும்."

"எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போடாதீங்க. செயலாளர் கையெழுத்து போதும்."

இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த நயீம் அகமது, "எழுதுப்பா. எல்லாத்தையும் எழுது," என்றார். "பார்ட்டிகிட்ட மறைச்சு எழுதற பழக்கம் நம்ம கம்பெனியில இல்ல."

விருந்து என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் வந்தவர் வேறு, சாப்பாடு வேறு என்று தனித்தனியாகக் கிடந்ததால், நடந்ததை விளக்க அருணகிரிக்கு முழுதாக ஒரு பத்தி தேவைப்பட்டது. அதற்கு நான்கு என்று நம்பர் போட்டான். ஐந்தாவது பத்தியில், இரண்டு பறவைகள் இறந்துபோயின என்று எழுதினான். அதைப் படித்துக் காட்டியபோது நயீம் அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முற்றத்தில் தேவகி தண்ணீர் தெளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நயீம் அகமது உருதில் கையெழுத்துப் போட்டார். அருணகிரி போட்டான். ராஜகோபால் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். நான்காவது பத்தியில் ஓரிடத்தில் கமா வைத்தார். லத்தீன் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினார். "உன் இங்கிலீஷ் பரவாயில்லை" என்று முணுமுணுத்துவிட்டு, தலைவர் என்று எழுதி, எல்லாருக்கும் கீழே கையெழுத்திட்டார்.

"சீக்கிரம் ஒட்டுங்கண்ணா!" என்று தேவகி கத்தினாள்.

கோந்து போதாது, அரக்கு வைக்க வேண்டும் என்றார் நயீம் அகமது. அரக்குக் கிடைத்தால் தீப்பெட்டி கிடைக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து சைரா திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டித் தீப்பெட்டியைக் கொடுத்தாள். "மசாலா வீணாப்போவுது, உருளைக்கிழங்கு வாங்கியாரச் சொல்லுங்க" என்றும் சொன்னாள். சத்தார் அரக்கை உருக்கி ஊற்றினார். கம்பெனி முத்திரையை முதலாளியே அழுத்தினார். அது தலைகீழாக விழுந்தது. "பரவால்ல பாய், போதும் பாய்!" என்று உறையைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு அருணகிரி சைக்கிளில் ஏறினான். பின்னாலேயே சத்தார் தன் சைக்கிளில்.

தபால் ஆபீஸில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் என்ற குமாஸ்தா கம்பிக் கதவை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ரிஜிஸ்டர் முடிஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்க."

"சம்பந்தம் அண்ணே, முதலாளி லெட்டரு," என்றார் சத்தார் மூச்சு வாங்க.

"முதலாளி லெட்டருன்னா? ரெண்டு கால் மொளச்சு ஓடிடுமா?"

"கால்தான் அண்ணே பிரச்சனை. கால்ல கட்டு போட்டு வெச்சிருக்கு," என்றான் அருணகிரி. அவன் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, முனகிக்கொண்டே கதவைப் பாதியில் நிறுத்தினார். உறையை வாங்கித் தராசில் போட்டார். தலைகீழ் முத்திரையைப் பார்த்தார். விலாசத்தைப் படித்தார்.

"பம்பாய்க்கா? உள்ள இன்னா?"

"ஒரு பறவை விஷயம் அண்ணே."

"உங்களுக்கு வேற வேலை இல்ல?"

ஸ்டாம்பு நாக்கில் நனைந்தது, ஒட்டியது. முத்திரைக் கட்டை இரண்டு முறை டங் டங்கென்று இறங்கியது. சம்பந்தம் ரசீதைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினார். அருணகிரி அதை வாங்கிக்கொண்டு சைக்கிளுக்கு ஓடினான். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, உறையைப் பின்னால் வாய் திறந்து கிடந்த கோணிப்பைக்குள் விட்டெறிந்து, பையின் கழுத்தை முறுக்கிக் கட்டினார்.